பெரியவர் வீட்டு வழியாக

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். உனக்குப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அம்மாவின் போனில் கூப்பிட்டதும், "பக்கத்துலதான் உக்காந்திருக்கான், சுவத்தைப் பாத்துக்கிட்டு" என்றாள். சரி, கடிதம் எழுதுவோம் என்று தோன்றியது. கடிதத்தைப் போன்போல் அணைத்து வைக்க முடியாது. மேசைமேல் கிடந்துகொண்டே இருக்கும்.

உன் பஸ் பட்டறை முதலாளியிடம் சொல்லி எனக்காக நீ பிடித்து வைத்த, கணக்கு எழுதும் நாற்காலியை, வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கலாம். பெட்டியைக் கட்டிய பிறகு சொன்னேன். உனக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் வாசலில் நின்றுகொண்டு நீ சொன்னதை நான் பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். "நாலு பேர் முன்னாடி வாயத் திறக்கத் தெரியாதவ, அங்க போய் யார்கிட்ட என்ன சொல்லப்போற?" என்றாய். பள்ளிக்கூட விழாவில் மேடையேறிப் பேச முடியாமல் நின்றேனே, அதை மனதில் வைத்துத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் நீ தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தாய்.

விடுதியில் எனக்குக் கிடைத்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் சலவைக்கடையின் பின்பக்கம். ஆவி நேராக என் தலையணைக்கு வருகிறது. அலுவலகத்தில் அதற்கு நேர்மாறு. கணினி அறை குளிர்ந்து கிடக்கிறது, நாள் முழுக்கப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வேலை செய்கிறேன். இயந்திர விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பேசாதவளுக்கென்றே கட்டிய அறை.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் என் வேலை என்னவென்று சொல்கிறேன். ஆற்றில் நாளைக்கு நீர் எவ்வளவு ஏறும் என்று கணிக்கிற அலுவலகம் இது. தினமும் விடியற்காலையில் ஓர் அறிக்கை அச்சாகிறது. அதைப் பார்த்துத்தான் மேலே அணை மதகைத் திறக்கிறார்கள், கீழே கரையோரத் தெருக்களுக்கு எச்சரிக்கை போகிறது. கணிப்பது என் வேலை இல்லை. கணிப்பவர்களுக்கு வேண்டிய புரோகிராம்களை இங்குள்ள யூனிக்ஸ் என்ற இயங்குதளக் கணினிகளில் ஏற்றுவது, எது எந்த இடத்தில் இருக்க வேண்டும், அதன் பெயரைத் தட்டினால் கணினி எந்த வழியில் போய் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்வது என் வேலை.

மழைக்காலம் முடியும்வரை தற்காலிகம். அதற்குப் பிறகு, இரு என்பதா, போ என்பதா என்று மேலாளர் சொல்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொள்.

தங்கை


ஜூன் 13

பூனைக்கு,

நீ கிளம்பினப்போ இனிமே பேசமாட்டேன்னுதான் சொன்னேன். எழுத மாட்டேன்னு சொல்லல. உன்னை மாதிரி புத்தக நடையெல்லாம் எனக்கு வராது, பேசற மாதிரிதான் எழுதுவேன். அதுக்காக இதைப் பேச்சுன்னு நினைச்சுக்காத.

நீ போன மறுநாள் பட்டறையில எல்லார் முன்னாடியும் முதலாளி கேட்டார், "என்னப்பா, உன் தங்கச்சி நம்ம நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்லிட்டு உக்காராமலே போயிடுச்சாமே" ன்னு. நான் பஸ் கூரைமேல ஏறி வேலை பாத்துக்கிட்டிருந்தேன். அங்கேயே இருந்துட்டேன், சாப்பாட்டுக்குக்கூட இறங்கல. நான் போய் அவர்கிட்ட எவ்வளவு பெருமையா உன்னைப் பத்திச் சொல்லியிருந்தேன் தெரியுமா? நம்ம வீட்டுல காலேஜ் படியை மிதிச்ச முதல் ஆளுன்னு சொன்னேன். அவர் பையனே படிப்பை முடிக்கலன்னும் சேத்துச் சொல்லிட்டேன். அதைத்தான் அவர் மனசுல வச்சிருக்கார்னு நினைக்கிறேன்.

உன் வேலையைப் பத்திப் படிச்சுட்டு அம்மா சிரிச்சா. "எதை எங்க வைக்கறதுன்னு பாக்கற வேலையா? சீப்பை எங்க வச்சோம்னு தினமும் என்னைக் கேப்பாளே" ங்கறா. நானும் சிரிச்சேன். ஆனா கோபம் கோபந்தான்.

பெயரைத் தட்டினா கணினி தேடிப் போகும்ங்கற. அதுதான் புரியல. அதுக்குள்ளதானே எல்லாம் இருக்கு, அப்புறம் எதைத் தேடுது?

வெல்டிங் கண்ணாடி போட்டுத்தான் இருக்கேன். நீ போர்வையை நல்லாப் போத்திக்க.

அண்ணன்


ஜூன் 28

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. உறைமேல் என் பெயருக்குப் பின்னால் என் பட்டத்தை எழுதியிருக்கிறாய். வாசல் காவலாளி உறைகளைச் சத்தமாகப் படித்துத்தான் கொடுப்பார். மாடிப்படியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே பட்டம் வாங்காதவர் காவலாளி ஒருவர்தான். தயவுசெய்து இனி எழுதாதே.

கணினி எதைத் தேடுகிறது என்று கேட்டாய். ஒரு நடந்த கதையாகவே சொல்கிறேன்.

இங்கே கணிப்பாளர்கள் இருவர் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஜன்னலோரம் ஒருவர், கதவோரம் ஓர் அக்கா. ஒரே மழையளவைக் கொடுத்து ஒரே புரோகிராமை ஓட்டுவார்கள். விடை மட்டும் வேறுவேறாக வரும். நான் சேருவதற்கு முன்பிருந்தே இந்தச் சண்டை நடக்கிறதாம்.

"கண்ணாடியை மாத்துங்க சார். எண்ணைத் தப்புத் தப்பாத் தட்டறீங்க" என்பார் அக்கா.

"என் கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. உங்க ஆறுதான் வெயில்லயும் பொங்குது" என்பார் அவர்.

அந்தப் புரோகிராமுக்கு "நதி" என்று பெயர். வாலிபத்தில் அதை எழுதியவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஓய்வு பெறப்போகிறார்.

நீ "நதி" என்று தட்டினால் கணினி தன் வயிற்றையெல்லாம் துழாவாது அண்ணா. எந்தெந்த இடத்தில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கும். அதற்குப் பாதை என்று பெயர். அந்த வரிசையில் போகும். எங்கே முதலில் "நதி" அகப்படுகிறதோ அதை ஓட்டிவிடும். அதற்கு அப்பால் இன்னொரு "நதி" இருந்தால் எட்டிக்கூடப் பார்க்காது. இந்தப் பாதை ஆளுக்கு ஆள் வேறு.

எந்த இடத்திலிருந்து எடுக்கிறாய் என்று கணினியைக் கேட்க "விச்" என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு. அவர்கள் தேநீருக்குப் போன நேரத்தில் இரண்டு பேர் கணினியிலும் அதைத் தட்டிப் பார்த்தேன். ஜன்னலோரத்துக்காரருக்குப் பெரியவரின் சொந்த ஃபோல்டரில் இருக்கும் பழைய "நதி" வருகிறது. அக்காவுக்குப் பொது இடத்தில் இருக்கும் புதிய "நதி" வருகிறது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் புதியதை ஏற்றிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வேலையை விட்டுப் போயிருக்கிறார். மேலே ஓடையில் புதிதாக ஓர் அளவுகோல் நட்டிருக்கிறார்கள். புதியதற்கு அது தெரியும், பழையதற்குத் தெரியாது. இருவரும் தட்டிய எண் சரி. கூப்பிட்ட பெயரும் சரி. வந்த ஆள்தான் வேறு.

இன்னொன்றும் பார்த்தேன். அக்காவைத் தவிர அலுவலகத்தில் எல்லார் பாதையும் பெரியவர் வீட்டு வழியாக, அதாவது அவருடைய அந்த ஃபோல்டர் வழியாகத்தான் போகிறது. புதிதாகச் சேருகிறவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரின் அமைப்பை அப்படியே நகல் எடுத்துக்கொள்வார்கள். இப்படியே தலைமுறை தலைமுறையாக வந்துவிட்டது. விடியற்காலை அறிக்கையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஓய்வு பெறுகிற அன்று பெரியவரின் கணினிக் கணக்கைத் தலைமை அலுவலகம் மூடிவிடும். அது விதி. மூடினால் அந்த வீட்டுக் கதவும் மூடும்.

ஜன்னலோரத்துக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அதாவது, ஒரு சீட்டில் எழுதி அவருடைய கீபோர்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

தங்கை


ஜூலை 8

பூனைக்கு,

பட்டத்தை எழுதுவேன். கோபம் கடிதத்துக்குள்ளதான். உறையைப் பத்துப் பேர் பாப்பாங்க.

உன் கதை எனக்கு நல்லாப் புரிஞ்சுது. நம்ம பட்டறையில நெட்டைன்னு ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தன் பெயின்ட் அடிக்கறவன், ஒருத்தன் பஸ்ஸுக்குள்ள உக்கார்ற சீட்டு மாட்டறவன். வாசல்ல நின்னு "டேய் நெட்டை" ன்னு கூப்பிட்டா பெயின்ட் நெட்டைதான் வருவான், ஏன்னா அவன்தான் வாசல்கிட்ட நிக்கறவன். சீட்டு நெட்டை உள்ள ஒய்யாரமா உக்காந்திருப்பான். போன வாரம் முதலாளி ஒரு புது பஸ்ஸுக்கு சீட்டை மாட்டச் சொல்லி அவசரமா நெட்டையைக் கூப்பிட்டார், இவன் போய் சீட்டுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சுட்டான். உன் கடிதம் அன்னைக்குத்தான் வந்துச்சு. எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். "கம்ப்யூட்டரும் நம்ம முதலாளியும் ஒண்ணு" ன்னு பெயின்ட் நெட்டை சொல்றான்.

இதெல்லாம் சரி. சீட்டு எழுதி அடியில வச்சியாமே. அதைப் படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அத்தனை பேர் கண்டுபிடிக்காததை நீ கண்டுபிடிச்சிருக்க. கண்டுபிடிச்சவ எலி மாதிரி ஒரு காகிதத்தை உள்ள தள்ளிட்டு ஓடியிருக்க. அவர் கீபோர்டைத் தூக்கிப் பாக்காமலே போயிருந்தா? ஆத்துல தண்ணி வந்தா, பூனை சீட்டு எழுதியிருந்துச்சேன்னு நின்னுட்டுப் போகுமா?

கதவு மூடிடும்னு உனக்குத் தெரியுது. தெரிஞ்சவ சொல்லணும். வாயால சொல்லணும்.

அம்மா உனக்கு முழுக்கை ஸ்வெட்டர் ஒண்ணு அனுப்பியிருக்கா. நிறம் நான் எடுத்தது. பிடிக்கலன்னாலும் போட்டுக்க.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அண்ணா,

நீ சொல்லித்தான் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபத்தில் செய்தேன். எலி என்றும் பூனை என்றும் ஒரே கடிதத்தில் எழுதியிருந்தாய்.

பெரியவரின் அறைக்கு நேரே போனேன். அவருடைய கீபோர்டில் எழுத்துகளே இல்லை, எல்லாம் தேய்ந்துவிட்டன, விரலுக்குத்தான் தெரியும். நான் வாசலில் நின்றதைப் பார்த்து, "வாம்மா, போர்வைக்காரி" என்றார். என் திட்டத்தைச் சொன்னேன். ஒவ்வொரு புரோகிராமுக்கும், அதன் ஒவ்வொரு பதிப்புக்கும், தனித்தனி அறை. பழைய நதிக்கு ஓர் அறை, புதிய நதிக்கு ஓர் அறை. ஒன்றின் சாமான் இன்னொன்றோடு கலக்காது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு தெரு. அந்தத் தெருவில் புரோகிராம் எதுவும் குடியிருக்காது, கைகாட்டி மட்டும் இருக்கும். "நதி" என்ற கைகாட்டி எந்த அறையைக் காட்டுகிறதோ அதுவே எல்லாருக்கும் ஓடும். புதியதில் கோளாறு வந்தால் கைகாட்டியைத் திருப்பி வைத்தால் போதும், பழையது வந்துவிடும். எல்லார் பாதையும் அந்த ஒரு தெருவுக்குப் போனால் போதும். யார் வீட்டு வழியாகவும் போக வேண்டாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "நான் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. அதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்றியா?" என்றார்.

"வீட்டை இல்ல சார். நதியை மட்டும்" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி, கூட்டிக்கிட்டுப் போ" என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் குரல் அது.

மேலாளர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். அறைகளைக் கட்டினேன், கைகாட்டியை நட்டேன், விடியற்காலை அறிக்கையையும் பெரியவர் கணக்கிலிருந்து பொதுக் கணக்குக்கு மாற்றினேன். கையால் தட்டிப் பார்த்தேன், அழகாக ஓடியது. நிம்மதியாக விடுதிக்குப் போனேன்.

காலையில் அறிக்கை வெற்றுத்தாளாக வந்திருந்தது.

விடியற்காலையில் உட்கார்ந்து தட்ட யாரும் இருக்கமாட்டார்கள் அண்ணா. "கிரான்" என்று ஒன்று, கடிகாரம் பார்த்துக் கட்டளையை அதுவே தட்டும். அதற்கென்று ஒரு பாதை உண்டு, மிகக் குட்டையானது. நான் கட்டிய தெரு அதில் இல்லை. நான் கையால் தட்டியபோது ஓடியது என் பாதையில். கடிகாரத்தின் பாதையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜன்னலோரத்துக்காரர் அவசர அவசரமாகக் கையால் ஓட்டி அனுப்பினார். நல்லவேளை, அன்று மழை இல்லை.

கட்டளையில் வெறும் பெயருக்குப் பதிலாக முழு முகவரியை எழுதினால் தீர்ந்தது. ஒரே வரி. ஆனால் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேலாளர், "படிச்சு முடிச்ச கையோட எல்லாத்தையும் மாத்தணும்னு வந்துடறாங்க. மழை ஆரம்பிக்கற நேரம். எல்லாத்தையும் பழையபடி பெரியவர் ஃபோல்டர்லயே வை" என்றார். பெரியவரின் கணக்கை மூடப்போகிறார்களே என்று யாரோ கேட்டதற்கு, "அதை அப்போ பாத்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வரியைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பள்ளிக்கூட மேடைதான்.

பழையபடி வைத்துவிட்டேன். எல்லார் பாதையும் மறுபடியும் பெரியவர் வீட்டு வழியாகப் போகிறது. மாதக் கடைசியில் கதவு மூடும்.

நீ சொன்னது சரிதான் போலிருக்கிறது. அந்தக் கணக்கு நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதா என்று உன் முதலாளியிடம் கேட்டு எழுது.

தங்கை


ஆகஸ்ட் 10

பூனைக்கு,

நாற்காலி காலியாத்தான் இருக்கு. நான் கேக்க மாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்னைக்கு என் முகத்தைப் பாத்துட்டு முதலாளியே கேட்டார், "என்ன, தங்கச்சி திரும்பி வருதா?" ன்னு. "இல்லீங்க, அங்கேயே நிரந்தரம் பண்ணிட்டாங்க" ன்னு சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சு. பட்டறை முழுக்கக் கேட்டுது. பெயின்ட் நெட்டை கையைப் பிடிச்சுக் குலுக்கினான். இனிமே நீ திரும்பி வந்தா நான் பொய்யன். என்னைப் பொய்யன் ஆக்கறதும் ஆக்காததும் உன் கையில இருக்கு.

தப்புப் பண்ணினேங்கற. நான் வெல்டிங் பத்த வைச்ச முதல் பஸ் கதவு மறுநாளே கழண்டு விழுந்துச்சு, முதலாளி கால்மேல. அவர் நொண்டினார். நான் அன்னைக்கே இன்னொரு கதவைப் பத்த வைச்சேன். அவர் வேண்டாம்னு கத்திக்கிட்டேதான் இருந்தார். உனக்கு என்ன தப்புன்னு தெரியுது. எப்படிச் சரி பண்றதுன்னும் தெரியுது. அது தெரியாதவங்க எல்லாம் அங்க பேசிக்கிட்டிருக்காங்க, தெரிஞ்சவ எனக்குக் கடிதம் எழுதிக்கிட்டிருக்க.

மேடையைப் பத்தி எழுதியிருந்த. அன்னைக்கு நீ மேடையில நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு. பேசாம நின்ன. ஆனா இறங்கி ஓடல. மத்தப் பசங்களுக்கு மறந்துபோனா அழுதுக்கிட்டு ஓடினாங்க. நீ மணி அடிக்கற வரைக்கும் நின்ன. அதையும் நான்தான் பாத்தேன். வாசல்ல நின்னு சொன்னப்போ அதைச் சொல்லாம விட்டுட்டேன்.

ஸ்வெட்டர் போட்டியா?

அண்ணன்


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணா,

ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். இந்த நிறத்தை நீ எங்கே பிடித்தாய்? மாடியிலிருந்தே தெரிகிறது. ஒளிந்துகொள்ள முடியாது. அதற்காகத்தான் எடுத்தாயோ என்னவோ.

பெரியவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரக் கூட்டம். அவரை உட்கார வைத்துக்கொண்டே, வழியனுப்பு விழாவுக்கு யார் என்ன வாங்குவது என்பதுதான் பேச்சு. நான் எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் திரும்பினார்கள். பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. அதனால் மனப்பாடம் செய்யாததைச் சொன்னேன்.

"சார், உங்க கணினியில விச் நதின்னு தட்டிப் பாருங்க" என்றேன் மேலாளரிடம்.

"இப்பவா? எதுக்கு?"

"தட்டுங்க சார்."

தட்டினார். பெரியவரின் பெயர் போட்ட முகவரி திரையில் வந்தது. சுவரில் பெரிதாகத் தெரிகிற திரை அது.

"அடுத்த வாரம் இந்தக் கதவை மூடிடுவாங்க. மறுநாள் காலையில அறிக்கை வராது. அது மழை நாளா இருக்கலாம். மூடினா என்ன ஆகும்னு அன்னைக்கு விடியற்காலைல தெரிஞ்சுக்க வேண்டாம். இப்பவே, எல்லாரும் இங்க இருக்கறப்பவே, பகல்லயே மூடிப் பாத்துடலாம். போன தடவை தப்பு என்னுது. கடிகாரத்தோட பாதையை நான் பாக்கல. நான் கட்டின அறையும் தெருவும் அப்படியே இருக்கு, எல்லார் பாதையிலயும் பெரியவர் வீட்டுக்கு அடுத்தபடியா அந்தத் தெருவைச் சேத்து, கடிகாரத்துக்கு முழு முகவரி போட்டு வச்சிருக்கேன். கையால யாரும் தட்ட வேண்டாம், கடிகாரமே தட்டட்டும். வரலன்னா அடுத்த நிமிஷமே கதவைத் திறந்துக்கலாம்."

அண்ணா, இவ்வளவும் நான் பேசினேன். நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்தேன்.

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் எழுந்தார். "என் வீட்டுக் கதவு. நானே மூடறேன்" என்றார். எழுத்தில்லாத அந்தக் கீபோர்டில் அவரே கட்டளையைத் தட்டி, தன் ஃபோல்டரைத் தானே பூட்டினார். எல்லாரும் கணினி அறையில் வந்து நின்றோம். குளிரில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டார்கள், நான் மட்டும் கட்டவில்லை.

முதலில் ஜன்னலோரத்துக்காரர் தன் இடத்துக்குப் போய் "நதி" என்று தட்டிவிட்டு, "ஐயோ, எனக்கு அனுமதி இல்லைன்னு வருதே" என்று கத்தினார். மேலாளர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அது பழைய ஞாபகம் சார்" என்றேன். கணினி ஒரு தடவை கண்டுபிடித்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளும். மறுபடி கூப்பிட்டால் தேடாது, நேராகப் பழைய இடத்துக்கே போய் நிற்கும். அதை மறக்கச் சொல்ல ஒரு சின்னக் கட்டளை உண்டு. தட்டச் சொன்னேன். தட்டினார். மறுபடி "நதி" என்றார். வந்தது. புதிய நதி. கதவோரத்து அக்கா எட்டிப் பார்த்து, "இப்போ உங்க ஆறும் பொங்குதே சார்" என்றார்.

உன்னை நினைத்துக்கொண்டேன். மேடையில் நின்ற இடத்திலேயே நீ இத்தனை வருஷமாக என்னைத் தேடிக்கொண்டிருந்தாய் என்று கோபப்பட்டிருந்தேன். உன் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு புரிந்தது, அங்கேயே தேடிக்கொண்டிருந்தவள் நான்.

பிறகு கடிகாரம். எல்லாரும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் பேசவில்லை, அந்த அறையில் எல்லாருமே என்னைப் போல ஆகிவிட்டார்கள். பிரிண்டர் ஒரு தடவை கனைத்தது. தாள் வெளியே வந்தது. முழு அறிக்கை, கீழே கடைசி வரிவரை. பெரியவர் அதை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "அவ்வளவுதானா? நான் இல்லாமலே ஓடுதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பழைய நதியின் அறை அப்படியே இருக்கிறது, யாரும் தொடமாட்டார்கள் என்று சொன்னேன். கைகாட்டியைத் திருப்பினால் அதுவும் ஓடும். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அவர் போன மறுநாள் காலையில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் வந்தார்கள், பெயரைத் தட்டினார்கள், வேலை பார்த்தார்கள். கணக்கு மூடப்பட்டதை யாரும் கவனிக்கவே இல்லை. நான் மட்டும் என் இடத்தில் உட்கார்ந்து, அந்த ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அழகாக எதையும் நான் பார்த்ததில்லை.

போன வாரம் மழை அடித்துக் கொட்டியது. மேல் ஓடையில் தண்ணீர் திடீரென ஏறியது. விடியற்காலை அறிக்கை வேளைக்குப் போனது, மதகை முன்கூட்டியே திறந்தார்கள், கரையோரத் தெருக்காரர்கள் நனையாத சாமான்களோடு மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பழையது ஓடியிருந்தால் அந்த ஓடையை அது கண்டிருக்காது. அலுவலகத்தில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. மேலாளர் மட்டும் என் மேசைக்கு வந்து, நிரந்தர ஆணையை வைத்துவிட்டு, "அடுத்தது எந்தப் புரோகிராமுக்கு அறை கட்டப்போறே?" என்று கேட்டார்.

நீ பொய்யன் இல்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டாய், அவ்வளவுதான்.

அடுத்த உறையில் பட்டத்தை எழுதிக்கொள். காவலாளி படிக்கட்டும்.

உன் பூனை


செப்டம்பர் 21

என் தங்கச்சிக்கு,

பட்டத்தை எழுதினேன். அதுக்குப் பக்கத்துல வேலையையும் எழுதினேன், நிரந்தரம்னும் எழுதினேன். முகவரிக்கு இடம் பத்தல, ஓரமாச் சின்னதா எழுதியிருக்கேன். தபால்காரர் திட்டினா நான் பதில் சொல்லிக்கறேன்.

கடிதத்தைப் பட்டறையில படிச்சேன். இந்தத் தடவை பஸ் கூரைமேல நின்னு படிச்சேன், எல்லாருக்கும் கேக்கணும்ல. மேலாளரைப் பாத்து "தட்டுங்க சார்" னு நீ சொன்ன இடத்தை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. மூணாந்தடவை நானாப் படிச்சேன்.

முதலாளி கீழ நின்னு கேட்டுக்கிட்டிருந்தார். கடைசியில, "அப்படி என்னதான்பா பண்ணிடுச்சு? அந்தப் பொண்ணே எழுதியிருக்கே, ஒண்ணுமே நடக்கலன்னு" ங்கறார்.

"ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிட்டா, அதைத்தான் பண்ணினா. உங்க பஸ்ஸுல பிரேக் பிடிக்கறப்ப எல்லாம் யாராவது இறங்கி வந்து கைதட்டறாங்களா?" ன்னு கேட்டேன்.

அவர் நேராப் போய் அந்தக் கணக்கு நாற்காலியில தன் பையனைப் பிடிச்சு உக்கார வச்சார்.

அம்மா உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில வச்சிருக்கா. சீப்பை எங்க வச்சோம்னு இப்ப அவளே தேடறா, கேக்க ஆள் இல்லையாம்.

ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்றேன். பேசமாட்டேன்னு சொன்னவன் நான், அதனால நான் பேசமாட்டேன். நீ பேசு. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

அண்ணன்